முப்பத்திநாலு சைஸ் கன்னையன்

கன்னையனின் மார்பு முப்பத்திநாலு இஞ்ச். எங்கள் பனியன் கம்பெனியில் அவன் பேர் தெரியாதவர்கள் உண்டு, அவன் மார்பளவு தெரியாதவர்கள் கிடையாது. "முப்பத்திநாலு எங்கப்பா?" என்று முதலாளி ஒரு சத்தம் கொடுத்தால் போதும், துணி மடிக்கிற இடத்திலிருந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடி வருவான்.

நான் அங்கே கட்டிங் மாஸ்டர். பேர் அர்த்தநாரி. இப்போது வயது அறுபதை நெருங்குகிறது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை தின்கிறேன். கோபமே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோபப்படாமல் கன்னையனைப் பற்றி எப்படிப் பேசுவது என்று மட்டும் அவர் சொல்லித்தரவில்லை.

எங்கள் தொழிலில் துணி மெஷினிலிருந்து குழாய் மாதிரி இறங்கும். சலவைக்குப் போய் வந்தால் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது தண்ணீரைப் பொறுத்தது, வெயிலைப் பொறுத்தது, சலவைக்காரர் மனசைப் பொறுத்தது. அதனால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒரே ஒரு பனியன் வெட்டித் தைத்து, கன்னையனுக்குப் போட்டுப் பார்ப்போம். அவன் உடம்பில் உட்கார்ந்தால்தான் மற்றதை வெட்டுவோம். உட்காரவில்லை என்றால் அட்டையைத் திருத்துவேன். அட்டை என்றால், துணிமேல் வைத்து வெட்டுகிற அளவு அட்டை. திருத்திய அட்டைக்கு முன்பக்கம் சைஸ் நம்பர் போடுவேன். பின்பக்கம் தேதியும், அன்றைக்கு அளந்த கன்னையனின் மார்பளவும் எழுதுவேன். வேலை முடிந்ததும் ஆணியில் மாட்டுவேன், பழசு எதையும் எறியமாட்டேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரின் பழக்கம் அது. எதற்கென்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அறுபத்தாறாம் வருஷம் ஜூலை மாதம் பனியன் உட்காரவில்லை. இடது பக்கம் ஓரம் மேலே ஏறியது, அக்குளில் பிடித்தது. டேப்பைச் சுற்றினேன். முப்பத்திநாலேகால்.

"என்னப்பா, மாமனார் ஊட்டுல கறிச் சோறா?"

"இல்லீங்க மாஸ்டரு, அதே களிதானுங்க" என்று சிரித்தான் கன்னையன்.

நானும் சிரித்தேன். அட்டையில் கை நுழைகிற வெட்டைக் கால் இஞ்ச் தளர்த்தினேன். முன்பக்கம் முப்பத்திநாலு என்று போட்டேன். பின்பக்கம் முப்பத்திநாலேகால் என்று எழுதி ஆணியில் மாட்டினேன்.

அக்டோபரில் முப்பத்திநாலரை. மறுபடியும் தளர்த்தினேன். குழாய்த் துணியை இரண்டாக மடித்து வெட்டுவதால் இடப்பக்கம் தளர்த்தினால் வலப்பக்கமும் சேர்ந்து தளரும். ஊருக்குப் போன சரக்கு திரும்பி வந்தது. போட்டால் வலது கைப்பக்கம் தொளதொளவென்று தொங்குகிறதாம். முதலாளி நாச்சிமுத்து அந்தப் பனியன்களைக் கொண்டு வந்து என் மேஜைமேல் கொட்டினார்.

"ஏய்யா, கத்திரி புடிக்கிற கையா இது, களை புடுங்குற கையா?"

நான் சலவைக்காரரைக் கைகாட்டினேன். சலவைக்காரர் மெஷின்காரரைக் கைகாட்டினார். மெஷின்காரர் நூலில் ஈரம் என்றார். இரண்டு மாதம் இப்படியே ஆள் மாற்றி ஆளைத் திட்டிக்கொண்டிருந்தோம். நூலைச் சந்தேகப்பட்டோம், ஊசியைச் சந்தேகப்பட்டோம், நொய்யல் தண்ணீரைச் சந்தேகப்பட்டோம். அந்த மார்பை மட்டும் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. அது முப்பத்திநாலு. அது மாறவே மாறாது என்று எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. எத்தனை முட்டாள்கள் ஒரே கூரைக்கடியில் இருந்தோம் என்று இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசியில் டிசம்பர் மாதம் முதலாளிக்கு என் டேப் ஞாபகம் வந்தது. அளக்கச் சொன்னார். முப்பத்திநாலே முக்கால்.

"ஒடம்பு போட்டுட்டானா? இவன நம்பி நாம சரக்கு வெட்டிட்டிருக்கோம்! ஏன்டா, ராத்திரிச் சோத்த நிறுத்துடா. முப்பத்திநாலுக்கு வர்ற வரைக்கும் ஒரு வேளைதான்."

கன்னையன் நிறுத்தினான். நிஜமாகவே நிறுத்தினான். சோற்றைக் குறைக்காவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம். பல்லடம் ரோட்டில் ஐந்து மைல் சைக்கிள் மிதித்து வந்து, பகலெல்லாம் நின்றபடி துணி மடித்து, வெறும் வயிற்றோடு திரும்பிப் போவான். ஜனவரியில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கை இரண்டும் குச்சி. டேப்பைச் சுற்றினேன். முப்பத்தைந்து. ஆள் இளைக்கிறான், மார்பு வளர்கிறது. அப்போதாவது எனக்கு உறைக்க வேண்டாமா?

உறைத்தது என் புத்திக்கு இல்லை, விரலுக்கு. டேப் இடது மார்புக்குக் கீழே ஒரு இடத்தில் வழுக்கியது. விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு கட்டி. கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டி. தள்ளினால் நகரவில்லை.

"இது என்னப்பா?"

"அதுங்களா, போன வருஷம் நூல் பேல் மூட்டை எறக்கறப்ப இடிச்சதுங்க. நோவு ஒண்ணுமில்லீங்க."

நோவு இல்லாததால் அவன் யாரிடமும் சொல்லவில்லை. நோவு இருந்திருந்தால் தப்பித்திருப்பான்.

கம்பெனி ஆட்களுக்கு வழக்கமாக மருந்து எழுதும் டாக்டர் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் கட்டியை ஒற்றை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கன்னையன் இருமினான். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவன் இருமாமல் பாட்டா பாடுவான்? "டி.பி. நெஞ்சுக்கூட்டில் சீழ்க்கட்டி" என்று அந்த இருமலிலேயே முடிவு கட்டிவிட்டார். பேருக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நொடி பிடித்தார், தலையாட்டினார், தொண்ணூறு ஊசி எழுதினார்.

டி.பி. என்ற சொல் கம்பெனிக்குள் வந்ததும் கன்னையனின் டம்ளர் தனியாகப் போனது. மடிக்கிற மேஜையும் போனது. வாசலில் மூட்டை காவலுக்கு உட்காரவைத்தார்கள். ஆனால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் கூப்பிட்டார்கள்! வேறு முப்பத்திநாலு கிடைக்கவில்லையாம். அவன் போட்டுக் கழற்றிய பனியனைக் குச்சியால் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடச் சொன்னார் முதலாளி. அவன் முன்னாலேயே. அவன் கையைத் தூக்கியபடி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் முப்பத்தைந்தேகால், மே மாதம் முப்பத்தைந்தரை என்று எழுதினேன். எழுதினேன், மாட்டினேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

ஊசி தொண்ணூறும் முடிந்தது. கட்டி எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. டாக்டர் கத்தியை எடுத்தார். சீழை வெளியேற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார்.

அதற்கு மறுவாரம் மயிலாள் கம்பெனி வாசலுக்கு வந்தாள். கன்னையனின் மனைவி. நூல் சுற்றுகிற வேலைக்குப் போகிறவள், அதிகம் பேசாதவள். என்னை வெளியே கூப்பிட்டனுப்பினாள்.

"ஏனுங்ணா, நீங்க படிச்சவிய. ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளும்மா."

"சீழே இல்லாத சீழ்க்கட்டி எங்காச்சும் உண்டுங்களா? நான் பக்கத்துலயே நின்னனுங்க. அறுத்தாரு, ஒரு சொட்டுச் சீழ் வரலீங்க. நுங்காட்டம் வெள்ளையா, கெட்டியா, தண்டு தண்டா வந்துது. சுரண்டித் தட்டத்துல போட்டு, தட்டத்தக் கொண்டுபோயிக் குப்பைல கொட்டீட்டாருங்க. இது என்னங்க சாமின்னு கேட்டன். ஒனக்கென்ன தெரியும், அக்கட்டால போன்னுட்டாரு. இப்ப தையலுக்கு மேலயே முட்டிக்கிட்டு வருதுங்ணா."

படித்தவன் என்று அவள் சொன்ன நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அவள், பட்டம் வாங்கியவர் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக அந்த டாக்டரிடம் போய் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. டாக்டரை எதிர்த்துப் பேசுகிற தைரியம் அந்தக் காலத்தில் எங்களில் யாருக்கு இருந்தது? மதராஸில் நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்கிற பெரிய டாக்டர் இருக்கிறார் என்று ரயிலடியில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். "கெளம்புங்க, நானும் வர்றேன்" என்றேன். முதலாளியிடம் லீவு கேட்டேன். "மடிக்கிறவனுக்கு மாஸ்டர் துணையா?" என்றார். கத்திரியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எக்ஸ்ரே படம் மடங்கிவிடக்கூடாதே என்று பயம். ஆணியில் தொங்கிய பழைய அட்டைகளை மொத்தமாக எடுத்து, அதற்கு நடுவில் படத்தை வைத்து, பனியன் நாடாவால் கட்டிக்கொண்டேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதுவும் தெரியாமல் செய்தது.

மதராஸ் டாக்டர் குள்ளமான மனிதர், சத்தமே போடாத குரல். கட்டியைத் தொட்டார். மேலே, கீழே, அக்குளில், கழுத்தில் எல்லாம் தடவினார். "எப்போதிலிருந்து? எவ்வளவு வேகமாக வளர்ந்தது?" என்று கேட்டார். கன்னையன் பேல் இடித்ததைச் சொன்னான். "இடித்ததால் இது வராது. இடித்தபோதுதான் நீங்கள் கவனித்திருப்பீர்கள்" என்றார். பிறகு படத்துக்காக நாடாவை அவிழ்த்தார்.

படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் நின்றார்.

"யார் இவருக்கு டி.பி. என்றது?"

நான் ஊர் டாக்டர் பேரைச் சொன்னேன்.

"நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. இங்கே பாருங்கள்." ஒரு விலாவெலும்பின் முன்முனையைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். எலும்பு ஊதி, ஓரம் அரித்து, உள்ளே சுண்ணாம்பு தெளித்தது போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. எனக்கே தெரிந்தது. நாலைந்து மாதமாக அந்தப் படம் கன்னையன் வீட்டு மச்சில் கிடந்தது. நுரையீரலைத் தேடினவர் கண்ணில் விலா படவே இல்லை.

அப்புறம்தான் அவர் அட்டைகளைப் பார்த்தார். ஒன்றைத் திருப்பினார். பிறகு இன்னொன்று. மேஜைமேல் வரிசையாக அடுக்கினார்.

"இது என்ன எண்?"

சொன்னேன். அந்தந்த மாதம் அளந்த மார்பளவு.

"ஒரு வருஷத்துக்குள் ஒன்றரை இஞ்ச்" என்றார். "ஊசி போட்ட மாதங்களிலும் நிற்கவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. இது எலும்பு முனையில் இருக்கிற குருத்தெலும்பிலிருந்து கிளம்புகிற கட்டி. ஒரு துண்டு எடுத்துப் பரிசோதித்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன். அபூர்வமான நோய்தான். முதல் நாள் இது தோன்றாததற்கு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஊசிக்கு அடங்காமல் வளர்ந்த பிறகும் தோன்றாததுதான் குற்றம். வெட்டி எடுத்ததைக் குப்பையில் போட்டது அதைவிடப் பெரிய குற்றம்."

அந்த வார்த்தையில் ஊர் டாக்டர்மேல் எனக்குக் கொதித்தது. ஆனால் அவர் என் பக்கம் திரும்பி அடுத்ததைக் கேட்டார்.

"மாதா மாதம் அளந்தது நீங்கள்தானா? அப்போதே ஏன் யாரும் அழைத்து வரவில்லை?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்ன சொல்வேன்? முன்பக்கம் முப்பத்திநாலு என்று போட வேண்டியிருந்தது, அதனால் பின்பக்கம் எழுதியதை நான் படிக்கவே இல்லை என்றா? மயிலாள் என்னைப் பார்த்தாள். அட்டை எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. டாக்டர் சொன்னது நன்றாகப் புரிந்திருந்தது.

பரிசோதனையில் அவர் சொன்னதே உறுதியானது. மருந்துக்கு இது கேட்காது, கதிர் பாய்ச்சிக் கரண்டு வைத்தாலும் கேட்காது, அறுத்து எடுப்பது ஒன்றுதான் வழி என்றார். கட்டியை மட்டும் தோண்டினால் திரும்ப வரும். சுற்றிலும் நல்ல சதையோடு, மேல் விலா கீழ் விலாவோடு, ஊர் டாக்டர் கீறிய தழும்போடு மொத்தமாக எடுக்க வேண்டும். துணியில் ஒரு நூல் வீணாகாமல் வெட்டுவதுதான் என் தொழில். அவர் நல்லதையும் தாராளமாகச் சேர்த்து வெட்டுவேன் என்கிறார்.

"முன்னாலேயே வந்திருந்தா?" என்று மயிலாள் கேட்டாள்.

"சின்னதாகப் போயிருக்கும். இப்போது நாலு விலா போகும். அடியில் இதயம். பிழைப்பார் என்றுதான் நினைக்கிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அவள் பெருவிரலை மையில் அழுத்தி, சம்மதக் காகிதத்தில் வைத்தாள்.

ஐந்து மணி நேரம் ஆயிற்று. நாலு விலாவில் பாதிப் பாதி போயிற்று. திறந்த இடத்தைத் தொடையிலிருந்து எடுத்த சவ்வால் மூடித் தைத்திருந்தார்கள். மூச்சு விடும்போது அந்த இடம் உள்ளே போய் வெளியே வந்தது. மயிலாள் அதையே பார்த்துக்கொண்டு நாற்பது நாள் உட்கார்ந்திருந்தாள்.

கன்னையன் பிழைத்தான். ஐப்பசியில் கம்பெனிக்கு வந்தான். முதலாளி அவன் சட்டைக்குள் விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்தார்.

"ப்ச், அளவு கெட்டுப் போச்சேப்பா. நாங்க வேற ஆளப் புடிச்சுட்டோம்."

இதுதான் அவர் சொன்னது. வேறு ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு நான் முதல் தடவையாக அவரிடம் சத்தம் போட்டேன். பழைய அட்டைகளை அவர் மேஜைமேல் வீசினேன்.

"இந்தப் பனியனெல்லாம் கட்டிக்கு வெட்டுனதுங்க, மனுசனுக்கு வெட்டல! சோத்த நிறுத்துன்னீங்களே, எது பெருத்துதுன்னு இப்பத் தெரியுதுங்களா?"

"ஏய்யா, அளந்தது நீதான்யா!" என்றார் அவர்.

அந்த ஆள் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அது. வேலையை விட்டேனா? விடவில்லை. மூன்று பெண்பிள்ளைகள் எனக்கு. மறுநாள் காலையில் போய்க் கத்திரியைப் பிடித்தேன்.

கன்னையனுக்குப் பல்லடத்தில் ஒரு தறிப்பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மதராஸ் வர வேண்டும், நடுவில் ஏதாவது தடித்தால் உடனே வர வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நடுவில் தடிப்பதை யார் பார்ப்பது? நான் பார்க்கிறேன் என்றேன். அவன் மறுக்கவில்லை. என்மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவான். சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்குவான். முதுகுத்தண்டிலிருந்து நெஞ்சுக்குழி வரை வலது பாதி தனி, இடது பாதி தனி என்று அளப்பேன். வலது பதினாறரை. இடது பதினைந்தரை. தழும்பு நெடுக விரலால் தடவுவேன். எழுதுவேன். இப்போதெல்லாம் ஒரே பக்கத்தில்தான் எழுதுகிறேன். இரண்டரை வருஷம் ஒரே எண்.

எழுபதாம் வருஷம் பங்குனியில் ஒரு ஞாயிறு. வலது பதினாறரை. இடது பதினைந்தே முக்கால். டேப்பை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். பதினைந்தே முக்கால்.

"சரியா இருக்குதுங்களா மாஸ்டரு?" என்றான், கையைத் தூக்கியபடியே.

அந்தக் கேள்விக்கு "சரி சரி, கைய எறக்கு" என்று எத்தனை திங்கட்கிழமை சொல்லியிருப்பேன்!

"இல்லப்பா. கால் இஞ்ச் ஏறியிருக்குது. மயிலாளக் கூட்டிட்டு வா, இன்னைக்கே ரயிலேறோணும்."

அவன் கை மெதுவாக இறங்கியது. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

தழும்பின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு முளைத்திருந்தது. டாக்டர் அதைச் சுற்றிலும் சேர்த்து எடுத்தார். இந்தத் தடவை பதினைந்தே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் இன்றுவரை கட்டி திரும்ப வரவில்லை. போன ஞாயிறுகூடக் கன்னையன் வந்து கையைத் தூக்கிவிட்டுத்தான் போனான்.

இரண்டாம் தடவை அறுத்து எடுத்த அன்றைக்கு டாக்டர் என் தோளைத் தட்டி, "சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள், கால் இஞ்சை யார் கவனிப்பார்கள்!" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். முதல் தடவையும் அது கால் இஞ்ச்தான். அன்றைக்கு நான் பனியனைத் தளர்த்தினேன்.